ஒரு சோறு பதம் போதுமா? பிள்ளைகளின் கணக்கில் தொகுத்தறிதலும் உய்த்தறிதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை தாராவியில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, எல்லோருக்கும் கணக்கு. சில பிள்ளைகள் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறார்கள், சிலர் இங்கிலீஷ் மீடியம். வீட்டில் எல்லோருக்கும் தமிழ்தான், பாதிப் பேருக்குத் திருநெல்வேலித் தமிழ். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்றபடி சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்த அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

மகளின் நோட்டில் ‘இண்டக்டிவ்’, ‘டிடக்டிவ்’ என்று எழுதியிருக்கிறது. தமிழில் என்ன?

முதலாவது தொகுத்தறிதல். இரண்டாவது உய்த்தறிதல். ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள், இவற்றை வைத்துப் பாடம் நடத்தும் முறைகளை விதிவருமுறை, விதிவிளக்க முறை என்பார்கள். இந்தியில் படித்தவர்கள் ஆகமன், நிகமன் என்பதும் இதைத்தான்.

பெயரை விடுங்கள், ஒரு கணக்கைப் பார்ப்போம். 3-ம் 5-ம் 8. 7-ம் 9-ம் 16. 11-ம் 1-ம் 12. நாலைந்து தடவை போட்டுப் பார்த்த பிள்ளை, “அக்கா, ரெண்டு ஒற்றைப்படையைக் கூட்டினா இரட்டைப்படைதான் வருது” என்கிறது. பல உதாரணங்களைச் சேர்த்துப் பார்த்து ஒரு பொது விதியை யூகித்துவிட்டது. இது தொகுத்தறிதல்.

இப்போது அதே பிள்ளையிடம் புளியங்கொட்டைகளைக் கொடுத்து இரண்டு இரண்டாக அடுக்கச் சொல்கிறேன். ஒற்றைப்படை என்றால் ஜோடி சேர்த்தபின் ஒரு கொட்டை தனியாக நிற்கும், அந்தச் சொல்லுக்கு அர்த்தமே அதுதான். இரண்டு ஒற்றைப்படைக் குவியல்களைச் சேர்த்தால் தனியாக நின்ற இரண்டும் ஒன்றுக்கொன்று ஜோடியாகிவிடும், மிச்சமே இருக்காது. குவியலில் ஏழு கொட்டை இருந்தாலும் ஏழாயிரம் இருந்தாலும் இதேதான் நடந்தாக வேண்டும். இது உய்த்தறிதல்: தெரிந்த ஒன்றிலிருந்து புறப்பட்டு, வேறு வழியே இல்லாமல் ஒரு முடிவுக்கு வந்து சேர்வது.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோமே. பத்துக் கணக்கு சரியாக வந்தால் போதாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பழமொழி சொல்வது உண்மைதான். ஆனால் அது ஏன் உண்மை என்று யோசித்துப் பாருங்கள். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, நடுவில் கரண்டி விட்டுக் கிளறியும் இருக்கிறோம். அதனால் ஒரு பருக்கை வெந்தது என்றால் பக்கத்துப் பருக்கையும் வெந்திருக்கும். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

எண்கள் அப்படி ஒரே பானையில் வெந்தவை அல்ல. இதைச் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு எண்ணை எடுத்து அதே எண்ணால் பெருக்குங்கள். விடையோடு அந்த எண்ணைக் கூட்டி, அப்புறம் 41-ஐக் கூட்டுங்கள். 1-க்கு 43 வரும். 2-க்கு 47, 3-க்கு 53, 4-க்கு 61, 5-க்கு 71. எல்லாமே பகா எண்கள், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மிச்சமில்லாமல் வகுபடுபவை. கணித மேதை ஆய்லர் 1772-ல் எழுதிவைத்த வேடிக்கை இது. 39 வரை போட்டாலும் பகா எண்தான் வரும். 39 பருக்கை எடுத்துப் பார்த்து எல்லாம் வெந்திருக்கிறது என்று அடுப்பை அணைக்கலாம் அல்லவா? 40-ஐப் போடுங்கள்: 1681. அது 41 பெருக்கல் 41.

ஏன் 40-ல் உடைந்தது என்பதும் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். நாற்பது நாற்பதுகளோடு இன்னொரு நாற்பது சேர்ந்தால் நாற்பத்தொரு நாற்பது. அதோடு 41 சேர்ந்தால் நாற்பத்தொரு நாற்பத்தொன்று. காரணத்தைத் தேடியிருந்தால் முப்பத்தொன்பது தடவை பெருக்காமலே இது கண்ணில் பட்டிருக்கும்.

இது பெரிய பிள்ளைகளுக்குச் சரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஏதாவது உண்டா?

உண்டு. ஒரு வளையலும் பென்சிலும் போதும். போன மழைக்காலத்தில் ஒருநாள், வெளியே தண்ணீர் தேங்கி யாரும் வீட்டுக்குப் போக முடியாமல் இருந்தபோது இதைச் செய்தோம்.

வளையலை நோட்டில் வைத்து வட்டம் வரைய வேண்டும். வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் சேர்க்க வேண்டும். வட்டம் எத்தனை துண்டாகிறது? ஒரு புள்ளி என்றால் வெட்டே இல்லை, 1 துண்டு. இரண்டு புள்ளிக்கு 2. மூன்றுக்கு 4. நாலுக்கு 8. ஐந்துக்கு 16. ஆறு புள்ளிக்கு எவ்வளவு என்று கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் “முப்பத்திரண்டு!”

வரைந்து, எண்ணிய துண்டை மறுபடி எண்ணாமலிருக்க ஒவ்வொன்றிலும் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணச் சொன்னேன். ஒரு சிறுமிக்கு 31 வந்தது. ஒன்றை விட்டுவிட்டோம் என்று அவளே முடிவு செய்து அழித்துவிட்டு மறுபடி எண்ணினாள். மறுபடியும் 31. பக்கத்தில் இருந்த பையனுக்கு 30. இருவரும் நோட்டை மாற்றிக்கொண்டு சண்டை போட்டார்கள். கடைசியில் பார்த்தால் இருவர் எண்ணியதும் சரி. அவன் புள்ளிகளைச் சம இடைவெளியில் அழகாக வைத்திருந்தான். அதனால் மூன்று நீளக் கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டன. அவள் வைத்த புள்ளிகள் கொஞ்சம் கோணல், அதனால் அதே இடத்தில் கடுகளவு முக்கோணம் ஒன்று விழுந்திருந்தது. அந்தக் கடுகுதான் முப்பத்தொன்றாவது துண்டு. 32 யாருக்கும் வரவில்லை, யாருக்கும் வராது.

காரணம் இதுதான். முதலில் முழு வட்டம், 1 துண்டு. ஒரு கோடு போட்டால் ஒரு துண்டு கூடும். இரண்டு கோடுகள் உள்ளே வெட்டிக்கொண்டால் அந்த வெட்டுக்காக இன்னொரு துண்டு கூடும். ஐந்து புள்ளிக்கு 10 கோடு, 5 வெட்டு: 1, 10, 5 சேர்ந்து 16. ஆறு புள்ளிக்கு 15 கோடு, 15 வெட்டு: 1, 15, 15 சேர்ந்து 31. பையனின் படத்தில் மூன்று வெட்டுகள் ஒரே இடத்தில் விழுந்ததால் ஒன்று குறைந்தது. ஐந்து புள்ளி வரை விடை இரட்டித்துக்கொண்டே போனது வெறும் தற்செயல்.

அப்படியானால் உதாரணம் போட்டுப் பார்ப்பது வீணா?

இல்லவே இல்லை. உதாரணம் போட்டுப் பார்க்காத பிள்ளைக்கு நிரூபிக்க எதுவுமே கிடைக்காது. இதற்கு நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்கிறேன். டி. ஆர். காப்ரேகர், 1905-ல் டஹாணுவில் பிறந்தவர். விரார் தாண்டிப் போகும் லோக்கல் கடைசியாகப் போய் நிற்கிற அதே டஹாணு. நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். எண்களோடு விளையாடிக்கொண்டே இருந்த மனிதர். அப்படி விளையாடிக் கண்டுபிடித்த ஒன்றை 1949-ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார்.

எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத நாலு இலக்கங்களை எடுங்கள். பெரியதிலிருந்து சிறியதாக ஒரு எண், சிறியதிலிருந்து பெரியதாக ஒரு எண் எழுதிக் கழியுங்கள். வந்த விடையை வைத்து மறுபடி அதையே செய்யுங்கள். எங்கள் பின்கோடு 400017. கடைசி நாலு இலக்கத்தை எடுத்தால் 7100-லிருந்து 0017 போக 7083. அப்புறம் 8730-லிருந்து 0378 போக 8352. அப்புறம் 8532-லிருந்து 2358 போக 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174-தான். மாட்டுங்காவின் 400019-ஐ எடுத்தால் ஒரு படி கூடுதலாகும், ஆனால் வந்து நிற்கிற இடம் அதே 6174. எந்த எண்ணை எடுத்தாலும் ஏழு படிக்குள் அங்கே வந்துவிடலாம்.

“எந்த எண்ணை எடுத்தாலும்” என்று எப்படி அடித்துச் சொல்கிறேன்? நாலு இலக்கத்தில் மொத்தமே பத்தாயிரம் எண்கள்தான். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டால் அதுவே நிரூபணம், பானையில் பார்க்காத பருக்கை ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் பத்தாயிரம் தேவையில்லை. கழித்து வரும் விடை இரண்டு வித்தியாசங்களை மட்டுமே பொறுத்தது: மிகப் பெரிய இலக்கத்துக்கும் மிகச் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம், நடுவில் உள்ள இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். முதல் வித்தியாசத்தை 999-ஆலும் இரண்டாவதை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் விடை. 0017-க்கு 7-ம் 1-ம்: 6993-ம் 90-ம் சேர்ந்து 7083. இந்த இரண்டு வித்தியாசங்களும் அமையக்கூடிய விதங்களை எண்ணினால் 54-தான் வரும். பத்தாயிரம் கழித்தலை 54-ஆகக் குறைத்தது உய்த்தறிதல். 54 கழித்தல் என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் பிரித்துக்கொண்டு ஒரு மாலையில் முடித்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் முடித்தார்கள்.

பரீட்சையில் ‘நிரூபி’ என்று கேட்டால் மூன்று உதாரணம் எழுதினால் மார்க் கிடைக்குமா?

கிடைக்காது. ஆனால் ‘தவறு என்று காட்டு’ என்று கேட்டால் ஒரே ஒரு உதாரணம் போதும். “பகா எண்கள் எல்லாம் ஒற்றைப்படை” என்பதைச் சாய்க்க 2 என்று எழுதினால் வேலை முடிந்தது.

என் மகன் தானாகவே தப்பான விதிகளை உருவாக்கிக்கொள்கிறான். திட்டலாமா?

தயவுசெய்து திட்டாதீர்கள். அவன் செய்வது சரியான வேலை, கையில் இருந்த உதாரணங்கள்தான் போதவில்லை. இரண்டாம் வகுப்பிலிருந்து அவன் பார்த்த பெருக்கல் கணக்குகளில், சைபரால் பெருக்குவதை விட்டால், விடை ஒருமுறைகூடச் சிறியதாக வந்ததில்லை. அதனால் “பெருக்கினால் பெரிசாகும்” என்று மனதில் எழுதிக்கொண்டான். ஐந்தாம் வகுப்பில் 8-ஐ அரையால் பெருக்கினால் 4 வருகிறது, தலை சுற்றுகிறது. “பத்தால் பெருக்கினால் கடைசியில் ஒரு சைபர் போடு” என்பதும் இப்படித்தான். அதை வைத்துக்கொண்டு 2.5-ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று எழுதுகிறார்கள். 0.5-ஐவிட 0.125 பெரியது என்று சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததே குறைவு. நீளமான எண் பெரியது என்பது முழு எண்களில் பொய்த்ததே இல்லையே!

இந்தத் தவறுகளில் பாதி நாம் கொடுத்தவை. அவசரத்துக்கு “சைபர் போடு” என்று சொன்னது யார்? “ஒவ்வொரு இலக்கமும் ஒரு இடம் முன்னால் நகருகிறது, காலியான ஒன்றாம் இடத்தில் சைபர் வருகிறது” என்று காரணத்தோடு சொல்லியிருந்தால் 2.5 தானாகவே 25 ஆகியிருக்கும். நானும் ஆரம்ப வருடங்களில் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை இத்தனை வற்புறுத்துகிறேன்.

3-ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டச் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டா?

உண்டு, ரூபாய் நோட்டை வைத்தே சொல்லலாம். 572 ரூபாயை மூன்று பேருக்குப் பிரிக்க வேண்டும். ஒரு நூறு ரூபாயைப் பிரித்தால் ஆளுக்கு 33, மிச்சம் 1. ஐந்து நூறுக்கு மிச்சம் 5. ஒரு பத்து ரூபாயைப் பிரித்தால் ஆளுக்கு 3, மிச்சம் 1. ஏழு பத்துக்கு மிச்சம் 7. சில்லறை 2. மொத்த மிச்சம் 5, 7, 2, ஆக 14. அதை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4, மிச்சம் 2. ஆக 572 வகுபடாது. நூறும் பத்தும் ஆயிரமும் ஒவ்வொரு ரூபாய்தான் மிச்சம் விடுவதால் இலக்கங்களைக் கூட்டினால் போதும்.

9-க்கும் இதே கதை. ‘7-க்கும் இப்படிக் கூட்டலாமா?’ என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பத்து ரூபாயை ஏழு பேருக்குப் பிரித்தால் மிச்சம் 3. அதனால் கூட்டல் அங்கே உதவாது. விதி எதுவரை செல்லும் என்பதையும் காரணமே சொல்லிவிடுகிறது.

முக்கோணத்தைப் பேப்பரில் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து ஒட்டினால் நேர்கோடாக வருகிறதே. 180 பாகை என்று நிரூபித்தாயிற்று அல்லவா?

அதைச் செய்யுங்கள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் பாகைமானியில் அளந்தால் ஒருவருக்கு 179, ஒருவருக்கு 182 வரும். பேப்பர் 180-க்குப் பக்கத்தில் என்று மட்டும்தான் சொல்லும். ஒரு பக்கத்துக்கு இணையாக எதிர் உச்சி வழியே கோடு போட்டு, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று காட்டும்போதுதான் சரியாக 180 என்று சொல்ல முடியும். அதுவும் தட்டையான தாளில் மட்டும். பூமி உருண்டையில் வட துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு இரண்டு கோடுகளைச் செங்குத்தாக இறக்கினால், கீழே இருக்கும் இரண்டு கோணங்களே 180 ஆகிவிடும்.

உய்த்தறிதலில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்?

திருப்பிப் போடுவதில். “4-ன் மடங்குகள் எல்லாம் இரட்டைப்படை. 6 இரட்டைப்படை. அதனால் 6-ம் 4-ன் மடங்கு.” கேட்டால் சரி போலத்தான் இருக்கும். நான் லோக்கல் ரயிலை வைத்துச் சொல்வேன். சென்ட்ரல் லைனில் ஃபாஸ்ட் வண்டிகள் தாதரில் நிற்கும். இந்த வண்டி தாதரில் நின்றது. அதனால் இது ஃபாஸ்ட்டா? ஸ்லோவும் தாதரில் நிற்குமே என்று உடனே சிரிப்பார்கள். சரி, ஃபாஸ்ட் வண்டி சயானில் நிற்காது. இந்த வண்டி சயானில் நின்றது. அப்படியானால்? ஸ்லோதான், சந்தேகமே இல்லை.

ஒருநாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். “அக்கா, ஞாயித்துக்கிழமை மெகா பிளாக்ல ஃபாஸ்ட்டை ஸ்லோ லைன்ல விடுவாங்க, அப்ப சயான்ல நிக்கும்.” மெகா பிளாக் என்றால் தண்டவாள வேலைக்காகச் சில லைன்களை மூடிவைப்பது. அவன் சொன்னது உண்மை. என் தர்க்கத்தில் பிழை இல்லை, நான் புறப்பட்ட வாக்கியம்தான் ஞாயிற்றுக்கிழமை பொய்யாகிவிடுகிறது. உய்த்தறிதல் எந்த வாக்கியத்தில் தொடங்குகிறதோ அதன் அளவுக்குத்தான் உறுதி. அன்றைக்கு அவன் பாடத்தை எனக்கு எடுத்தான் என்றே சொல்வேன்.

பதினொன்றாம் வகுப்பில் வரும் ‘கணிதத் தொகுத்தறிதல்’ இதே தொகுத்தறிதலா?

பெயர் மட்டும்தான் அப்படி, உள்ளே இருப்பது முழுக்க உய்த்தறிதல். கூட்ஸ் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டி நகர்கிறது. எந்தப் பெட்டி நகர்ந்தாலும் அதோடு மாட்டியிருக்கும் அடுத்த பெட்டி நகர்ந்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் உறுதிசெய்துவிட்டால் எத்தனை பெட்டி இருந்தாலும் எல்லாம் நகரும், ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டாம்.

எல்லோரும் உண்மை என்று நம்பியும் இன்னும் நிரூபிக்காத கணக்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே சொல்லலாம். 2-ஐவிடப் பெரிய எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம். 10 என்றால் 3-ம் 7-ம். 28 என்றால் 5-ம் 23-ம். கோல்ட்பாக் என்ற கணிதக்காரர் 1742-ல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்த யூகம் இது. கணினியை வைத்து, 4-க்குப் பின்னால் 18 சைபர் போட்ட எண் வரை சரிபார்த்துவிட்டார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. இருந்தும் கணிதக்காரர்கள் இதை யூகம் என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். கணக்கில் எல்லாம் என்றைக்கோ முடிந்துபோனது என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள்.

வகுப்பில் எதை முதலில் சொல்லித்தர வேண்டும்?

உதாரணம், யூகம், காரணம், அப்புறம் பயிற்சி. என் வழி இதுதான். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது விதியை நேராகச் சொல்லிப் பயிற்சி கொடுப்பதும் உண்டு, அதில் குற்றமில்லை. வருடம் முழுக்க அப்படியே ஓட்டுவதுதான் தப்பு.

நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டில் பிள்ளைக்கு என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் விடியற்காலையில் இட்லி அவித்துக் கொடுத்தனுப்பும் அம்மா. அவர் மகள் என்னிடம் நாலாம் வகுப்புக் கணக்குப் படிக்கிறாள். பிள்ளை ஏதாவது கண்டுபிடித்தேன் என்று வந்தால் “எப்பவும் அப்படித்தானா?” என்று கேளுங்கள், ஆமாம் என்றால் “ஏன்?” என்று கேளுங்கள், விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றேன். அதெல்லாம் தனக்கு வராது என்றார்.

மகள் நடுவில் புகுந்து, முந்தின நாள் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். ஒருவர் ஐம்பது இட்லி கேட்டிருக்கிறார். இவள், “சரியா அம்பது மட்டும் ஊத்தும்மா” என்றிருக்கிறாள். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொல்லியிருக்கிறார்: “தட்டுக்கு நாலு குழி. பன்னெண்டு தட்டுக்கு நாப்பத்தெட்டு, பதிமூணுக்கு அம்பத்திரண்டு. நெறஞ்ச தட்டா வச்சா அம்பது எப்பவும் வராது, எத்தனை தடவை அவிச்சாலும் வராது. மிஞ்சுற ரெண்டை நீ தின்னு.”